வெள்ளிக்கிழமை ஏன் பள்ளிக்கூடம் இல்லை? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, ‘டெக்சாஸில் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை வாத்தியார், எத்தனை பஸ் என்பதை அந்த ஊர் முடிவு செய்வதில்லை, எங்கோ தள்ளி மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் இருக்கும் சட்டசபைதான் முடிவு செய்கிறது’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டு கடிதம் வந்துவிட்டது. எழுதியவன்தானே விளக்க வேண்டும், ஆகவே இந்த முறை முழுக்க அதுவே. சினிமா கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, என் மகளும் மருமகனும் மேற்கு டெக்சாஸில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார்கள். பேரனுக்கு வாரத்தில் நாலு நாள்தான் பள்ளிக்கூடம், வெள்ளிக்கிழமை லீவு. கேட்டால் ‘ஸ்கூலில் பணம் இல்லைம்மா’ என்கிறாள். அமெரிக்காவில் பள்ளிக்கூடத்துக்குப் பணம் இல்லையா? நம்பச் சொல்கிறீர்களா?
– ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

நம்புங்கள் அம்மா. ஆனால் மகள் சொன்னது பாதிக் கதை.

முதலில், அங்கே ‘ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’ என்றால் நம் ஈரோடு, சேலம் மாதிரி மாவட்டம் இல்லை. பள்ளிக்கூடம் நடத்துவதற்கென்றே இருக்கிற தனி உள்ளாட்சி அது. தனி எல்லை உண்டு, தேர்தலில் ஜெயித்து வரும் போர்டு உண்டு, சொத்து வரி போடும் அதிகாரமும் உண்டு. டெக்சாஸில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஒன்றரை லட்சம் பிள்ளைகளுக்கு மேல் படிக்கிற ஹூஸ்டனும் ஒரு டிஸ்ட்ரிக்ட்தான், ஒன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை எல்லாரையும் சேர்த்து எண்ணினாலும் நூறைத் தாண்டாத ஊரும் ஒரு டிஸ்ட்ரிக்ட்தான். நம் ஊரில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியருக்கும் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வந்துவிடும். அங்கே டீச்சரை வேலைக்கு எடுப்பதும் சம்பளம் போடுவதும் அந்த டிஸ்ட்ரிக்டின் பாடு. மாநிலம் குறைந்தபட்சச் சம்பளம் இவ்வளவு என்று சொல்வதோடு சரி.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். 2015 வரை டெக்சாஸ் சட்டத்தில் வருஷத்துக்கு 180 நாள் பள்ளி நடக்க வேண்டும் என்று இருந்தது. அந்த வருஷம் சட்டசபை அதை மாற்றி, நாள் கணக்கு வேண்டாம், 75,600 நிமிஷம் பாடம் நடந்தால் போதும் என்று சட்டம் போட்டது. வகுத்துப் பார்த்தால் 180 நாளுக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரம், பழைய கணக்கேதான். ஆனால் கிராமத்துச் சூப்பரிண்டெண்டன்ட் (டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரி) ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்: தினமும் கொஞ்சம் நேரம் கூட்டி நடத்திவிட்டால் வெள்ளிக்கிழமையை வெட்டிவிடலாமே! அங்கே ஆரம்பித்தது, ஊருக்கு ஊர் பரவிவிட்டது, பெரும்பாலும் சின்ன ஊர்களில்.

இதில் பணம் பெரிதாக மிச்சமாகாது. டீச்சர் சம்பளம் அப்படியேதான் இருக்கிறது, பஸ் டீசலும் சாப்பாட்டுச் செலவும் கொஞ்சம் குறையும். விஷயம் வேறு. முப்பது மைல் தள்ளி இருக்கிற பெரிய ஊர் டிஸ்ட்ரிக்ட் வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலர் கூடக் கொடுக்கும்போது இந்த ஊர் எதைக் காட்டி டீச்சரை நிறுத்தி வைக்கும்? சம்பளம் தர முடியவில்லை, அதனால் மூன்று நாள் லீவு தருகிறது. உங்கள் பேரனின் வெள்ளிக்கிழமை, டீச்சருக்குக் கொடுக்க முடியாமல் போன சம்பள உயர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் கொடுக்க முடியவில்லை என்றால், ஒரு மாணவனுக்கு இவ்வளவு என்று சட்டத்தில் ஓர் அடிப்படைத் தொகை எழுதி வைத்திருக்கிறார்கள். 2019ல் அது 6,160 டாலர். 2020ல் கொரோனா, அப்புறம் விலைவாசி எங்கேயோ போனது, முட்டை விலையிலிருந்து பஸ் இன்சூரன்ஸ் வரை. தொகை மட்டும் அசையவில்லை. 2023ல் அரசு கஜானாவில் 32.7 பில்லியன் டாலர் உபரி இருந்தும் ஏறவில்லை (ஏன் என்பது கீழே வவுச்சர், அதாவது தனியார் பள்ளிச் செலவுக்கு அரசு தரும் பணம், பற்றிய கேள்வியில் வரும்). ஆறு வருஷம் கழித்து 2025ல் ஏற்றினார்கள். எவ்வளவு? 55 டாலர். பூஜ்யம் விட்டுப்போகவில்லை, ஐம்பத்தைந்துதான்.

அதே சட்டத்தில் ஒரு நல்ல ஷரத்தும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். 5,000 மாணவர் வரை உள்ள டிஸ்ட்ரிக்ட்களில் மூன்று நாலு வருஷ அனுபவம் உள்ள டீச்சருக்கு 4,000 டாலரும், ஐந்து வருஷமோ அதற்கு மேலோ ஆனவருக்கு 8,000 டாலரும் சம்பளத்தில் கூட்டித் தர மாநிலமே பணம் கொடுக்கிறது. பெரிய டிஸ்ட்ரிக்ட்களில் அது 2,500, 5,000. கிராமத்து ஆள் யாரோ உட்கார்ந்து எழுதிய ஷரத்து என்று பார்த்தாலே தெரிகிறது. புதிதாகச் சேர்ந்த டீச்சர் மட்டும் இந்தக் கணக்கில் வரமாட்டார், கிராமத்துக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் புதியவர்கள்தான்.

பிள்ளைகள் வராவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பணம் குறையும் என்று எழுதியிருந்தீர்கள். அச்சுப்பிழையா?
– மதுரை வாசகர் (ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் என்று கீழே எழுதியிருக்கிறார்)

பிழை இல்லை சார். டெக்சாஸில் பெயர்ப்பட்டியலில் எத்தனை பேர் என்று பார்த்துப் பணம் வராது, தினசரி வருகையின் சராசரியைப் பார்த்துத்தான் வரும். நீங்கள் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் போட்ட ‘ஆ’ ஒவ்வொன்றுக்கும் விலை இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு ஊரில் 200 பிள்ளைகள், சராசரி வருகை நூற்றுக்கு 92. அதாவது கணக்கில் 184 பேர்தான். வராத 16 பேருக்கு 6,215 (பழைய 6,160, கூட 55) வீதம் பெருக்குங்கள்: 99,440 டாலர். அங்கே ஒரு டீச்சரின் வருஷச் சம்பளத்தை விட அதிகம். அந்தப் பதினாறு பேரும் ஒரே பதினாறு பேர் இல்லை, இன்றைக்கு இவன், நாளைக்கு அவள். ஆகவே எந்த வகுப்பையும் மூட முடியாது, எந்த பஸ்ஸையும் நிறுத்த முடியாது, செலவு முழுதாக 200 பேருக்கு.

ஒருமுறை அந்தப் பக்கம் போயிருந்தபோது நண்பரோடு ஒரு சின்ன ஊரின் பள்ளி போர்டு கூட்டத்தில் பின்வரிசையில் போய் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் மடக்கு நாற்காலி, ஓரமாக ஒரு பெரிய காபி பாத்திரம், ஆறேழு பேர். பாதி நேரம் பேசியது ஒரு பஸ் இன்ஜினைப் பற்றி, மாற்றுவதா இன்னும் ஒரு வருஷம் ஓட்டுவதா என்று. மீதி நேரம் ஃப்ளூ காய்ச்சல். யாருக்குக் காய்ச்சல் என்று விசாரித்த மாதிரியே இல்லை, இந்த மாத வருகை எத்தனை சதவீதம் இறங்கியது, அதனால் மார்ச்சுக்குள் எவ்வளவு பணம் போகும் என்றுதான். எனக்கு முதலில் மனசு ஒப்பவில்லை. வெளியே வந்ததும் நண்பர் சொன்னார், ‘அவர்களுக்கும் ஒப்பவில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் எண்ணச் சொல்கிறது.’

சின்ன டிஸ்ட்ரிக்ட் என்பதற்காகக் கூடுதல் ஒதுக்கீடு ஒன்று உண்டு, 1,600க்குக் கீழே போகப் போக தலைக்கு வரும் தொகை கூடும். இருநூறு பிள்ளைகள் உள்ள ஊருக்கு அடிப்படைத் தொகையில் பாதிக்கு மேல் கூடுதலாகவே வரும். அது இல்லாவிட்டால் இந்தப் பள்ளிகளில் பலவற்றை எப்போதோ பூட்டியிருப்பார்கள். ஆனால் அந்தக் கூடுதலும் வருகையையும் அதே அடிப்படைத் தொகையையும் வைத்துத்தான் போடுகிறார்கள். அடி உறைந்தால் எல்லாம் உறைந்தது.

ராபின் ஹுட் சட்டம் என்று ஒன்று டெக்சாஸில் இருக்கிறதாமே? பணக்கார ஊரிடமிருந்து பிடுங்கி ஏழை ஊருக்குக் கொடுப்பார்களாமே?
– கோவை வாசகர்

இருக்கிறது. அதற்குப் பின்னால் இருபத்தைந்து வருஷச் சண்டை.

1968ல் சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். உடைந்த ஜன்னல், தகுதியில்லாத ஆசிரியர்கள், இதுதான் புகார். டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்கிற தகப்பனார், விமானப்படைத் தளத்தில் தகர வேலை பார்த்தவர், இன்னும் சில பெற்றோருடன் வழக்குப் போட்டார். கோர்ட்டில் வந்த கணக்கைப் பாருங்கள். எட்ஜ்வுட்காரர்கள் நூறு டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள், அந்த நகர வட்டாரத்திலேயே அதுதான் அதிகம். அதில் கிடைத்தது ஒரு மாணவனுக்கு 26 டாலர். அதே நகரத்தின் வசதியான ஆலமோ ஹைட்ஸில் 85 சென்ட் வரிதான், கிடைத்தது 333 டாலர். கூட வரி கட்டியவனுக்குக் குறைவாகக் கிடைக்கிறது! வீட்டு விலை, நில விலை அப்படி.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1973ல் தோற்றது, 5க்கு 4. கல்வி என்பது மத்திய அரசியல் சட்டம் உறுதி தரும் அடிப்படை உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு ஓட்டு வித்தியாசத்தினால்தான் இன்றைக்கும் இந்தச் சண்டை வாஷிங்டனில் நடக்காமல் ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாக நடக்கிறது. 1989ல் கென்டக்கி உச்ச நீதிமன்றம் தன் மாநிலத்தின் பள்ளி அமைப்பையே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. அதே வருஷம் டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றமும் ஒருமனதாக ஏழை டிஸ்ட்ரிக்ட்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அப்போது பணக்கார டிஸ்ட்ரிக்டில் ஒரு மாணவனுக்கு 1.4 கோடி டாலருக்கு மேல் சொத்து மதிப்பு, ஏழை டிஸ்ட்ரிக்டில் சுமார் 20,000. எழுநூறுக்கு ஒன்று.

அப்புறம் போட்ட சட்டங்களும் கோர்ட்டில் அடிபட்டு, 1993ல் வந்ததுதான் இந்த ராபின் ஹுட். சட்டத்தில் அந்தப் பெயர் இல்லை, ‘ரீகாப்சர்’ என்பார்கள். முதலில் தலைக்கு இத்தனை சொத்து மதிப்பு என்று வரம்பு வைத்திருந்தார்கள், 2019லிருந்து சூத்திரப்படி தனக்குச் சேர வேண்டியதை விட அதிகம் வரி வசூலாகும் டிஸ்ட்ரிக்ட், அந்தக் கூடுதலை மாநிலத்திடம் கொடுத்துவிட வேண்டும்.

ஆனால் பணக்காரன் நகரத்தில், ஏழை கிராமத்தில் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கேதான் எனக்கு இந்தக் கதை ருசிக்கிறது. மேற்கு டெக்சாஸில் லவிங் கவுண்டி என்று ஒன்று (கவுண்டி என்பதுதான் நம் மாவட்டம் மாதிரி). 2020 சென்சஸ்படி மொத்த ஜனத்தொகை 64 பேர். நம் ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்குக் காணாது. பிள்ளைகள் பக்கத்துக் கவுண்டியில் விங்க் என்ற ஊருக்குப் படிக்கப் போகிறார்கள். ஆனால் தரைக்கு அடியில் எண்ணெய். வரிக் கணக்கில் எண்ணெயும் சொத்துதான், ஆகவே அந்தக் கடைக்கோடி டிஸ்ட்ரிக்ட் ஆஸ்டினுக்கு ரீகாப்சர் பணம் கட்டுகிறது. அதே மேற்கில் பருத்தியும் புல்லும் மட்டும் உள்ள ஊர், எண்ணெய் இல்லாததால், மாநிலத்தின் கையை எதிர்பார்த்து நிற்கிறது. அப்புறம் எண்ணெய் விலை விழுந்தால் போன வருஷத்துப் பணக்காரன் இந்த வருஷம் திண்டாடுவான்.

நான் பிளேனோவில் வீடு வாங்கியிருக்கிறேன். பள்ளி வரி கட்டியே ஓய்ந்துபோகிறேன், அதிலும் ஒரு பங்கு கிராமங்களுக்குப் போகிறது என்கிறார்கள். நியாயமா?
– டாலஸ் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

வருத்தம் புரிகிறது, பிளேனோ ரீகாப்சர் கட்டுகிற டிஸ்ட்ரிக்ட்தான். ஆனால் உங்கள் கோபம் விலாசம் மாறிப் போகிறது.

நீங்கள் கட்டுகிற ரீகாப்சர் பணம் ஒரு குறிப்பிட்ட கிராமத்துப் பள்ளிக்கு மணியார்டர் போவதில்லை. மாநிலத்தின் பள்ளிக் கணக்கில் சேர்கிறது. கிராமத்துக்கு எவ்வளவு என்பது முன்பே சட்டத்தில் எழுதிய சூத்திரம், உங்கள் பணம் கூட வந்தாலும் அது கூடாது. கூடுவதற்குப் பதிலாக, மாநிலம் தன் பையிலிருந்து போட வேண்டிய பங்கு குறைகிறது. உங்கள் வீட்டு மதிப்பு ஏறினால் லாபம் கிராமத்துக்கு இல்லை, ஆஸ்டின் பட்ஜெட்டுக்கு. கிராமத்திலும் அதே கதைதான், நில மதிப்பு ஏறினால் ஊர் வரி கூடும், மாநில உதவி அதே அளவு இறங்கும், பள்ளிக்கு நிகரம் பெரும்பாலும் பழையபடி. நீங்களும் அந்த விவசாயியும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள், இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை.

ஒரு ஆறுதல்: குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளி வரியில் கழிவு 2023ல் 40,000 டாலரிலிருந்து ஒரு லட்சமாகி, 2025 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு 1,40,000 ஆகியிருக்கிறது. பள்ளிகளுக்கு அதனால் விழும் துண்டை மாநிலம் ஈடு கட்டுகிறது. கட்டுகிற வரைக்கும் நல்லது.

சட்டம் போடுகிறவர்கள் அதற்கான பணத்தையும் கூடவே கொடுப்பார்கள்தானே?
– திருச்சி வாசகி

கொடுப்பார்கள், பஸ் டிக்கெட்டுக்குப் பாதிக் காசு கொடுக்கிற மாமா மாதிரி.

2022 மே மாதம் யூவால்டே என்கிற சின்ன ஊரின் தொடக்கப் பள்ளியில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருஷம் ஒவ்வொரு பள்ளி வளாகத்திலும் ஆயுதம் ஏந்திய காவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதன் நியாயத்தை யாரும் மறுக்கவில்லை. கொடுத்த பணம் வளாகத்துக்கு 15,000 டாலர், மாணவருக்கு 10 டாலர். நம் 200 பிள்ளைகள் ஊரில் இரண்டு வளாகம் என்றால் மொத்தம் 32,000. இதில் இரண்டு காவலர் எங்கே வைப்பது, ஒருவருக்கே காணாது. முடியாத டிஸ்ட்ரிக்ட் காரணம் சொல்லி விலக்கு எடுத்து, பயிற்சி பெற்ற ஊழியரிடமே துப்பாக்கி கொடுக்கலாம் என்று சட்டமே வழி விட்டிருக்கிறது. ஹூஸ்டனுக்கென்று சொந்தப் போலீஸ் உண்டு. கிராமத்தில் காலையில் அல்ஜீப்ரா நடத்துகிறவரே இடுப்பில் துப்பாக்கியும் வைத்திருக்க வேண்டிய நிலை. 2025ல் அந்தத் தொகையைக் கூட்டினார்கள்.

வவுச்சர் கொடுத்தால் ஏழைப் பிள்ளையும் தனியார் பள்ளிக்குப் போகலாமே, கிராமத்துக்காரர்கள் ஏன் எதிர்த்தார்கள்?
– திருநெல்வேலி வாசகர்

போவதற்குப் பள்ளி வேண்டுமே, அண்ணாச்சி! பல கவுண்டிகளில் தனியார் பள்ளியே கிடையாது.

டெக்சாஸில் கவர்னர் என்றால் நம் ராஜ்பவன் ஆள் இல்லை, முதல்வர் மாதிரி தேர்தலில் ஜெயித்து வருபவர். கவர்னர் கிரெக் அபட் வவுச்சர் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அவருடைய குடியரசுக் கட்சியிலேயே கிராமத்து உறுப்பினர்கள் பலர் மாட்டேன் என்றார்கள். அங்கே ஊரில் அதிகம் பேருக்குச் சம்பளம் கொடுக்கிற இடம் பல சமயம் பள்ளிக்கூடம்தான். பத்துப் பிள்ளைகள் போனால் பத்துப் பேருக்கான பணம் போகும், பஸ்ஸும் பாய்லரும் அப்படியே நிற்கும். 2023 நவம்பரில் அந்தக் கட்சியின் 21 பேர் எதிர்க்கட்சியோடு சேர்ந்து 84க்கு 63 என்று வவுச்சரை மசோதாவிலிருந்து வெட்டினார்கள். அந்த மசோதாவுக்குள்தான் பள்ளிகளுக்கான கூடுதல் பணமும் இருந்தது. வவுச்சர் இல்லையென்றால் எதுவும் இல்லை என்று ஆகி, முழுதும் கவிழ்ந்தது. உபரி இருந்தும் 6,160 ஏறாத மர்மம் இதுதான்.

2024 உட்கட்சித் தேர்தலில் கவர்னர் அவர்களில் பலருக்கு எதிராக ஆள் நிறுத்திப் பிரசாரம் செய்தார். சிலர் தோற்றார்கள், சிலர் நிற்கவே இல்லை. 2025 ஏப்ரலில் அதே சபையில் 86க்கு 61 என்று வவுச்சர் நிறைவேறியது, கட்சியில் எதிர்த்தவர் இரண்டே பேர். அதில் ஒருவர் கேரி வான்டீவர், அரசியலுக்கு வருமுன் சின்ன ஊர் டிஸ்ட்ரிக்ட் ஒன்றில் சூப்பரிண்டெண்டன்டாக இருந்தவர். முதல் கட்டமாக 1 பில்லியன் டாலர், 2026-27 பள்ளி ஆண்டிலிருந்து, தனியார் பள்ளிக்குப் போகும் மாணவருக்கு சுமார் 10,000. அதை அரசுப் பள்ளியின் 6,215க்குப் பக்கத்தில் வைத்துச் சிலர் கோபப்படுகிறார்கள். அந்த 6,215 அடிப்படைத் தொகை மட்டும்தான், அதன் மேல் வேறு ஒதுக்கீடுகளும் சேரும், இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. கிராமத்துக்காரர் கவலை அந்த ஒப்பீடு இல்லை. ஒரே கஜானா, இனிமேல் ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் கை நீட்டுவார்கள் என்பதுதான்.

சட்டசபை கூடுவதோ இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஒற்றைப்படை வருஷத்தில் 140 நாள். அதில் விட்டால், கவர்னர் தனியாகக் கூட்டினால் ஒழிய, அடுத்த 140 நாள் வரும் வரை பஸ் இன்ஜின் தாங்க வேண்டும்.

இவ்வளவு கஷ்டத்துக்கு நாலு சின்னப் பள்ளியைச் சேர்த்து ஒன்றாக்கிவிட வேண்டியதுதானே?
– சென்னை வாசகர்

சேர்க்கச் சொல்லி யோசனை சொன்னவர் அந்த ஊரில் மறு தேர்தலில் ஜெயித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தூரம் ஒரு காரணம், ஆறு வயசுப் பிள்ளை விடியற்காலை இருட்டில் பஸ் ஏறி ஒன்றரை மணி நேரம் போக வேண்டும். இன்னொரு காரணம் ஃபுட்பால். அமெரிக்க ஃபுட்பாலுக்குப் பதினொரு பேர் வேண்டும். டெக்சாஸில் ரொம்பச் சின்ன பள்ளிகள் அந்தப் பதினொரு பேர் தேறாமல் ஆறு பேர் ஆட்டம் ஆடுகின்றன, அதற்கென்று தனி விதி, தனிப் போட்டி. ஈரோட்டு அம்மாவின் பேரனுக்கு வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லை. ஆனால் வெள்ளி ராத்திரி மைதானத்தில் விளக்குப் போட்டதும் ஊர் மொத்தமும் அங்கேதான் இருக்கும், டிக்கெட் கிழிப்பது அல்ஜீப்ரா வாத்தியாராக இருக்கும்.